சாம்பலைச் சுமந்த ஆசாரியனும் ஆறு லிட்டர் பழைய எண்ணெயும்



இந்த வாரச் சிந்தனையின் பொருள் உங்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். வீட்டு முற்றத்தில் நிற்கும் எஸ்.யு.வி. வண்டியின் என்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் நாமே மாற்றுவதைப் பற்றியும், மாற்றி முடித்தபின் தட்டில் மிஞ்சும் கறுப்பு எண்ணெயைப் பற்றியும் எழுதுகிறேன். ஸ்கார்பியோவோ பொலேரோவோ நிற்காத தெரு இன்று உடன்குடி வட்டாரத்தில் குறைவு. அவற்றுள் பல, வளைகுடாவிலும் மும்பையிலும் உழைக்கிற பிள்ளைகளின் வியர்வையால் வந்தவை. வேண்டிய ஸ்பேனர்களை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே இந்த வேலையைச் செய்யும் வாலிபர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது: “பழைய ஆயிலை வேலியோரம் குழி தோண்டி ஊற்றி மூடிவிடலாமா, ஐயா? மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்குத்தானே போகிறது?”

கேள்வியின் பிற்பகுதியில் வேத வாசனை வீசுவதால், பதிலையும் வேதத்திலிருந்தே சொல்லவேண்டியதாகிறது. ஊற்றலாகாது. அது பாவம் என்றே சொல்கிறேன். கவனக்குறைவு, அறியாமை என்று மென்மையான சொற்கள் நம்மிடம் உண்டு. அறிந்தபின் செய்வதற்கு அச்சொற்கள் பொருந்தா.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் என்ற சொல்லைக் கேட்டவுடன் பிரசங்கிகளாகிய எங்களுக்கு ஓர் ஆவல் எழும். எண்ணெய் பரிசுத்த ஆவியானவருக்கு அடையாளம், ஃபில்டர் மனச்சாட்சிக்கு அடையாளம், அளவுகோல் அனுதின வேத தியானத்துக்கு அடையாளம் என்று மூன்று தலைப்புகளோடு ஒரு பிரசங்கம் பத்து நிமிடத்தில் ஆயத்தமாகிவிடும். பத்துக் கன்னிகைகளையும் நடுவில் சேர்த்துக்கொள்ளலாம். இன்று அதைச் செய்யப்போவதில்லை. இக்கட்டுரையில் எண்ணெய் என்பது எண்ணெயே. தரை என்பது நாம் நிற்கும் தரையே. அடையாளங்களுக்குத் தாவிவிடுகிற பக்தி, பொருள்களுக்கு நாம் செய்யவேண்டிய நீதியை எளிதாக மறக்கச் செய்துவிடுகிறது.

முதலில் அந்த வேலையைப் பற்றிச் சில வார்த்தைகள். கைகள் கறுத்துப்போகும் வேலையை இன்னொருவன் வீட்டுப் பிள்ளைதான் செய்யவேண்டும் என்ற எண்ணம் நம் சமுதாயத்தில் ஆழமாக வேரோடியிருக்கிறது. அதன் வேர் எது என்று உங்களுக்குத் தெரியும். நம்முடைய ஆண்டவர் நாசரேத்தூர் மக்களால் தச்சன் என்று அழைக்கப்பட்டவர். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லாவோடும் பிரிஸ்கில்லாளோடும் அமர்ந்து கூடாரம் தைத்தவர். நமக்கு அருகிலுள்ள நாசரேத்தில் மர்காஷியஸ் ஐயர், 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்துக்குப் பின், ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் பள்ளியை ஏற்படுத்தினார். வேதப்பாடத்தோடு உளியையும் சுத்தியலையும் கையில் கொடுத்த மரபு அது. அந்த மரபின் பிள்ளைகளாகிய நாம் ஒரு ஸ்பேனரைத் தொடுவதற்கு வெட்கப்படவேண்டியதில்லை. மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுக்கிறோமோ என்று சிலர் தயங்குகிறார்கள். அவர் கற்றறிந்த வேலைக்கு அவரிடம் போங்கள், கேட்ட கூலியைக் கொடுங்கள். கையேட்டைப் பார்த்து நீங்களே செய்யக்கூடியதைச் செய்துகொள்வதில் அநீதி இல்லை. (ஞாயிறு காலை ஆராதனை வேளையில் வண்டிக்கு அடியில் படுத்திருப்பதற்கு இது அனுமதிச்சீட்டு அல்ல என்பதையும் சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள்.)

செய்கிறவர்கள் ஒழுங்காகச் செய்யுங்கள். உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனம், புது வீடு கட்டுகிறவன் மேல்மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்கிறது. யாராவது தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வராதபடிக்கு. நூலில் எழுதப்பட்ட பாதுகாப்பு விதிகளில் மிகப் பழைமையானவற்றுள் ஒன்று அது என்று நினைக்கிறேன். வண்டிக்கு அடியில் படுக்கிறவனுக்குக் கைப்பிடிச்சுவர் எது? ஜாக்கி அல்ல. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே. தாங்கி நிற்பதற்கு ஜாக்கி ஸ்டாண்டு என்னும் தனிக் கருவி இருக்கிறது. செங்கலையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி வைத்து அதன்கீழ் தலையை நீட்டுகிறவர்கள் தங்கள் மனைவி மக்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். நம் ஊருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. செம்மணல் தரையில் ஜாக்கி சரிந்துவிடும். பளுவேறும்போது ஒரு பக்கம் புதையும், வண்டி மெதுவாகச் சாயும். சிமெண்டுத் தரை இல்லாத முற்றத்தில் வண்டியைத் தூக்கவே வேண்டாம். இவ்வகை வண்டிகளின் அடிப்பாகம் தரையிலிருந்து உயரமாக இருப்பதால், பலவற்றில் தூக்காமலேயே டிரெயின் போல்ட்டை எட்டிவிடலாம். எட்டுமானால் அதுவே நல்லது. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தினால் எண்ணெய் இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வடியும். நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியில் உடனே போல்ட்டைக் கழற்றினால் கை வெந்துபோகும். போல்ட்டோடு இருக்கும் வாஷரைப் புதிதாக மாற்றுங்கள். சில ரூபாய் பொருள். அதை மிச்சம் பிடித்தவர்களின் வண்டிகள் நிற்குமிடமெல்லாம் அடையாளம் வைத்துவிட்டுப் போகின்றன. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். பழையது என்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதை ஏற்றினால், ஓடும் வண்டியில் எண்ணெய் முழுவதும் பீறிட்டு வெளியேறிவிடக்கூடும். புது ரப்பரில் விரலால் சிறிது எண்ணெய் தடவி, ஃபில்டரைக் கையாலேயே இறுக்குங்கள். டிரெயின் போல்ட்டை எவ்வளவு இறுக்கவேண்டும் என்பது கையேட்டில் இருக்கிறது; பலத்தைக் காட்டினால் அலுமினியத் தொட்டியின் மரை போய்விடும். பிறகு கையேடு சொல்லும் தரத்தில், கையேடு சொல்லும் அளவில் புது எண்ணெய் ஊற்றுங்கள். பெரும்பாலான டீசல் எஸ்.யு.வி.க்களுக்கு ஐந்திலிருந்து ஏழு லிட்டர் வரை பிடிக்கும். 2020 ஏப்ரலுக்குப் பின் விற்கப்பட்ட பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கும். அவற்றுக்குச் சாம்பல் குறைவாகத் தரும் தனிவகை எண்ணெய் வேண்டும். கடைக்காரர் மலிவாகக் கொடுக்கிறார் என்று வேறொன்றை ஊற்றினால் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும், செலவு பல மடங்காகும். என்ஜினை ஓட்டிப் பார்த்து, கசிவு இல்லை என்று கண்டு, நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து அளவுகோலைப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே இருக்கவேண்டும். கூடுதலாக ஊற்றினால் நல்லதுதானே என்று எண்ணுகிறவர்கள் உண்டு. கூடினால் எண்ணெய் நுரைத்துப்போகும், நுரை உராய்வைத் தடுக்காது.

எப்போது மாற்றுவது என்பதற்கும் நம் ஊர் ஒரு பதில் வைத்திருக்கிறது. ஆனி, ஆடிக் காற்றில் தேரிக்காட்டின் செம்மணல் எழும்பி நம் வீட்டுப் பாத்திரங்களில்கூடப் படிகிறது. என்ஜின் மூச்சிழுக்கும் காற்றிலும் அது இருக்கிறது. அதனால்தான் பல கையேடுகள், தூசி நிறைந்த இடத்தில் ஓடும் வண்டிக்கு வழக்கமான கிலோமீட்டர்க் கணக்கைக் குறைத்துக்கொள்ளச் சொல்கின்றன. ஃபில்டரைப் பற்றியும் ஒன்று அறிந்துகொள்ளுங்கள். பல வகை ஃபில்டர்களின் உள்ளே ஒரு சிறு வால்வு உண்டு. மடிப்புக் காகிதம் அழுக்கால் அடைத்துக்கொண்டால், என்ஜின் எண்ணெயின்றி வறண்டுபோகாதபடிக்கு அந்த வால்வு திறந்துகொள்ளும். அப்போதிருந்து வடிகட்டப்படாத எண்ணெயே உள்ளே சுற்றும். எந்த விளக்கும் எரியாது, எந்த ஒலியும் மாறாது, வண்டி வழக்கம்போல் ஓடும். (இதை மனச்சாட்சிக்கு உவமையாக்கவேண்டும் என்று விரல்கள் துடிக்கின்றன. வாக்களித்துவிட்டேன், விட்டுவிடுகிறேன்.)

இனி அந்தத் தட்டுக்கு வருவோம். டீசல் என்ஜினிலிருந்து வடிந்த எண்ணெய் கரியைப்போல் கறுத்திருக்கும். கறுத்துப்போனதால் அது கெட்ட எண்ணெய் என்று நினைக்கவேண்டாம். எரிபொருள் எரிந்த கரியையும், உலோகத் துகள்களையும் தன்னுள் ஏந்திக்கொண்டு, அவை என்ஜினில் படியாதபடி காத்ததால் கறுத்தது. தன் வேலையைச் செய்ததின் அடையாளம் அந்நிறம். ஆனால் என்ஜினைக் காப்பதற்காக அது சுமந்துகொண்ட அனைத்தும் இப்போது உங்கள் தட்டில் இருக்கிறது. தேய்ந்த உலோகங்கள், கரி, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்மங்கள். ஒர்க் ஷாப்புகளில் வேலை பழகும் சிறுவர்கள் கையுறையின்றி இதிலேயே நாள் முழுவதும் கை நனைத்து, பின்பு மண்ணெண்ணெயாலோ பெட்ரோலாலோ கழுவிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் நம் சபைகளின் பிள்ளைகளும்தாம். ஒரு ஜோடி கையுறையின் விலையை நாம் கேட்டுக் கொடுத்ததில்லை.

லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின் 10, 11ஆம் வசனங்களை எடுத்து வாசியுங்கள். சர்வாங்க தகனபலியைப் பற்றிய பிரமாணம். பலியைப் பற்றிப் பிரசங்கித்திருக்கிறோம், பலிபீடத்தின் அவியாத அக்கினியைப் பற்றிப் பாடியிருக்கிறோம். சாம்பலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரவெல்லாம் எரிந்து முடிந்தபின் பலிபீடத்தில் சாம்பல் மிஞ்சும். அதை என்ன செய்வது என்பதற்குக் கர்த்தர் மோசேயிடம் தெளிவான ஒழுங்கைக் கொடுக்கிறார். ஆசாரியனே அதை அள்ளவேண்டும். அள்ளிப் பீடத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆராதனைக்குரிய உடையைக் களைந்து வேறு உடை உடுத்திக்கொள்ளவேண்டும். பிறகு அதைப் பாளயத்துக்கு வெளியே, சுத்தமான ஓரிடத்துக்குச் சுமந்துகொண்டுபோகவேண்டும்.

இந்த ஒழுங்கில் என்னை நிறுத்தியவை இரண்டு. சாம்பலைச் சுமப்பவன் கூலியாள் அல்ல. பலியைச் செலுத்திய அதே ஆசாரியன். மேன்மையான பகுதியைத் தான் செய்து, மிச்சத்தைப் பிறன் தலையில் கட்டும் வழக்கம் அங்கே இல்லை. இரண்டாவது, போய்ச்சேரும் இடம். பாளயத்துக்கு வெளியே எங்கேயாவது எறிந்துவிடு என்று சொல்லப்படவில்லை. சுத்தமான இடம் என்று குறித்துச் சொல்லப்படுகிறது. வனாந்தரத்தில் இடத்துக்குப் பஞ்சமா? எங்கே கொட்டினாலும் காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும். ஆயினும் கர்த்தர் இடம் குறித்தார். பயன்பட்டு முடிந்த பொருளுக்கும் அவருடைய ஒழுங்கில் ஓரிடம் உண்டு, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை ஆசாரியனின் ஊழியம் முடிவதில்லை. உபாகமம் 23ஆம் அதிகாரத்திலோ, பாளயத்துக்கு வெளியே போகிறவன் சிறு கோல் ஒன்றைக் கொண்டுபோய், தோண்டி, தன் கழிவை மூடிவிட்டு வரவேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. பாளயத்தின் நடுவே கர்த்தர் உலாவுகிறார் என்பது அதற்குக் காரணம்.

“அங்கேயும் தோண்டி மூடத்தானே சொல்லியிருக்கிறது?” என்று குழி தோண்டுகிற சகோதரர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. மண் செரித்துக்கொள்ளக்கூடியதை மண்ணுக்குக் கொடுப்பது ஒன்று. மண்ணால் எளிதில் செரிக்க முடியாததை மண்ணுக்குள் ஒளிப்பது வேறொன்று. யாத்திராகமம் 21ஆம் அதிகாரம் குழி தோண்டிவிட்டு மூடாமல் போனவனைப் பற்றிப் பேசுகிறது. அயலானின் மாடோ கழுதையோ அதில் விழுந்தால் குழிக்காரன் ஈடுகட்டவேண்டும். மூடிய குழியிலும் அயலான் விழக்கூடும் என்பதுதான் நம் காலத்தின் புதுமை. அவன் கிணற்றின் வழியாக விழுவான்.

நாம் எந்தத் தரையில் வாழ்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். தேரியின் செம்மணல் மழையை ஓடவிடாது. விழுந்த இடத்திலேயே உறிஞ்சிக்கொள்ளும். பெருமழை பெய்த மறுநாள் தேரிக்காட்டில் நடந்தால் கால் நனையாது. அந்த நீரெல்லாம் கீழே இறங்கி மணலுக்குள் தங்குவதால்தான் நம் பனைகள் நிற்கின்றன, முருங்கையும் தென்னையும் நிற்கின்றன, உடன்குடிக் கருப்பட்டி என்ற பெயரும் நிற்கிறது. தாமிரபரணியின் உபரிநீர் சடையனேரிக் கால்வாய் வழியாக நம் பக்கத்துக் குளங்களை எட்டும் ஆண்டுகளில் கொஞ்சம் ஆறுதல். எட்டாத ஆண்டுகளில் மணலுக்குள் இருப்பதே நம் சேமிப்பு. அந்தச் சேமிப்பின் விளிம்பில் கடல் காத்திருக்கிறது. இனித்த கிணறுகள் உவர்த்துப்போனதை நீங்கள் கண்ணால் கண்டிருக்கிறீர்கள். எரிகோவின் கெட்ட நீரை எலிசா உப்பைப் போட்டு ஆரோக்கியமாக்கினார். நம்முடைய நீருக்கோ உப்பே நோயாக இருக்கிறது. இப்படி ஒரு பக்கம் கடல் நெருக்கும் நீருக்குள், மறுபக்கத்திலிருந்து நாமே எண்ணெயை இறக்குகிறோம்.

ஊற்றிய மறுநாள் கிணற்றில் எண்ணெய் மிதக்காது. கெட்டியான எண்ணெய் மணலைப் பற்றிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு மழையிலும் சிறிது சிறிதாகக் கீழே நகரும். ஆண்டுகள் ஆகலாம். ஊற்றியவர் அப்போது மும்பையில் மகன் வீட்டில் இருக்கக்கூடும். ஒருமுறை மாற்றும் எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 190 பேருக்கு ஓராண்டுத் தண்ணீர். ஒரு சிறிய சபை முழுவதும் ஆண்டெல்லாம் குடித்து, சமைத்து, குளித்து, துவைக்கும் நீர்.

எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தை நல்ல மேய்ப்பனின் அதிகாரம் என்று அறிந்திருக்கிறோம். அதன் 18, 19ஆம் வசனங்களில் கர்த்தர் மேய்ப்பர்களை விட்டுவிட்டு ஆடுகளின் பக்கம் திரும்புகிறார். தெளிந்த நீரைத் தாங்கள் குடித்தபின், மீதியைக் காலால் கலக்கிவிட்டுப் போகும் கொழுத்த ஆடுகளை நியாயம் விசாரிக்கிறார். மெலிந்த ஆடுகள் அந்தக் கலங்கிய நீரையே குடிக்க வேண்டியிருக்கிறது. நீர் சுத்திகரிப்பு எந்திரம் வாங்க இயன்றவன் வீட்டில் இந்த நியாயத்தீர்ப்பு உறைக்காது. வீட்டுக் கிணற்றையும் தெருக்குழாயையும் தவிர வேறு வழியில்லாத விதவை, ஆறு லிட்டர் எண்ணெய் மாற்றும் வண்டிக்குச் சொந்தக்காரி அல்ல. சபையிலோ அதே வரிசையில் அமர்ந்து அதே பாத்திரத்தில் திருவிருந்து பெறுகிறாள். ஈசாக்கின் நாட்களில் பெலிஸ்தர் பொறாமையினால் ஆபிரகாமின் கிணறுகளை மண்ணால் தூர்த்தார்கள். அவர்கள் பகைவர்கள். நாம் பகையில்லாமலே செய்கிறோம்.

சிலர் இப்படி வாதிடுகிறார்கள்: “நம் ஊரிலேயே 1,320 மெகாவாட் அனல்மின் நிலையம் எழும்பி நிற்கிறது. நிலக்கரி கப்பலில் வந்து இறங்கப்போகிறது. இதில் என் ஆறு லிட்டர் எம்மாத்திரம்?” இந்த வாதத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. பெரியவர்களிடம் கேள்வி கேட்கவேண்டும். சாம்பல் எங்கே போகிறது, சூடான நீர் எங்கே போகிறது என்று கேட்பதற்குக் குடிமக்களாகிய நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையில் ஒதுங்கியபோது, வாளிகளால் அள்ளிய மாணவர்களைப் பார்த்து நாமெல்லாம் நெஞ்சம் பதைத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவர்கள் வலையும் படகும் கறுத்து நின்றபோது கோபப்பட்டோம். கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு விலை உண்டு. வேலியோரம் ஊற்றியவன், எண்ணூரைப் பற்றிப் பேசும்போது தன் குரலில் ஏதோ ஒன்று குறைவதை உணராமல் இருக்கமாட்டான். பெரியவர்களின் சாம்பலைக் கேட்பதற்கு, நம் சாம்பலை நாம் சுமந்திருக்கவேண்டும்.

அதே டிசம்பர் மாதம் 17, 18ஆம் தேதிகளில் நம்மேல் பெய்த மழையை மறந்திருக்கமாட்டீர்கள். திருச்செந்தூரைத் தாண்டிய காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். என்ஜினுக்குள் நீர் புகுந்தால் எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறமாக மாறிவிடும். வண்டியை ஓட்டாமலேயே அதை முழுவதும் வடித்து, ஃபில்டரோடு மாற்றவேண்டும். மூழ்கிய வண்டிகளிலெல்லாம் அப்படித்தான் வடிக்கவேண்டியிருந்தது. அது எங்கே போயிற்று என்று அந்நாட்களில் யாரையும் கேட்டிருக்க முடியாது. வீட்டையே சேற்றிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தவனிடம் என்ன கேட்பது? அந்த நாட்கள் வேறு. இன்று வெயில் அடிக்கிறது, தரை காய்ந்திருக்கிறது, நேரமும் இருக்கிறது.

அப்படியானால் எங்கே கொண்டுபோவது? புது எண்ணெய் வந்த அதே கேனில் பழையதை ஊற்றி, மூடியை இறுக்கி, மேலே பெயர் எழுதி வையுங்கள். குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். பெட்ரோல், பிரேக் ஆயில், ரேடியேட்டர் நீர் ஆகியவற்றோடு கலக்கவேண்டாம். கலந்ததை மறுசுத்திகரிப்பது கடினம். கழற்றிய ஃபில்டரைக் கவிழ்த்து ஓர் இரவு முழுவதும் வடியவிட்டு, அந்த எண்ணெயையும் கேனில் சேருங்கள். பிறகு, பழைய எண்ணெயை மொத்தமாகச் சேர்த்து அனுப்பும் ஒர்க் ஷாப்பிலோ சர்வீஸ் சென்டரிலோ ஒப்படையுங்கள். எண்ணெய் அழுக்காகிறதே தவிர, அதன் அடிப்படைத் தன்மையை எளிதில் இழப்பதில்லை. சரியாகச் சுத்திகரித்தால் மீண்டும் என்ஜினில் ஓடத் தகுதியாகிறது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயக் கழிவு. 2023இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2024 ஏப்ரல் 1 முதல் எண்ணெய் தயாரிக்கும் நிறுவனங்களே பழைய எண்ணெயின் மறுசுழற்சிக்கும் பொறுப்பேற்கவேண்டும். சட்டம் ஏட்டில் இருக்கிறது. அது நம் ஊர் வரை நடந்து வரவேண்டுமானால், கேட்கிறவர்கள் வேண்டும்.

ஆகவே கேனைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். “இதை யார் வாங்கிப்போகிறார்கள்? பதிவு பெற்றவர்களா?” என்று கேளுங்கள். சில இடங்களில் இது சென்ட்ரிங் பலகைக்குப் பூசப் போகிறது, சில இடங்களில் அடுப்புக்கு எரிபொருளாகப் போகிறது, கறையான் வராதிருக்க உத்தரங்களிலும் கதவு நிலைகளிலும் தடவப்படுகிறது. நம் தாத்தாக்கள் காலத்திலிருந்து வந்த வழக்கம் என்பார்கள். வழக்கம் பழையதுதான், புகையாகக் காற்றில் சேர்வதும், மழையில் கழுவிச் சுவரடியில் இறங்குவதும் அதே பொருள்தான். காசு கொடுத்து வெளியே மாற்றிக்கொள்கிறவர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. வேலையைப் பிறரிடம் கொடுத்தோம் என்பதால் சாம்பலும் பிறருடையதாகிவிடாது. சர்வீஸ் பில்லில் ஆயில், ஃபில்டர், வாஷர், கூலி என்று நான்கு வரிகளை நிறுத்திச் சரிபார்க்கும் நாம், அச்சிடப்படாத ஐந்தாவது வரியையும் வாய்திறந்து கேட்கலாம். முதல்முறை கேட்கும்போது சிரிப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் ஒரு டிரம் வைப்பார்கள்.

நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டில் தொடங்கும் என்று பேதுரு எழுதுகிறார். ஆலயத்தின் ஜெனரேட்டரும் டீசலில் ஓடுவதுதான்; பண்டிகை நாட்களிலும் அசன நாளிலும் அதுதான் நமக்கு வெளிச்சம் தருகிறது. அதன் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றும் நாள் நெருங்குகிறது. பழைய எண்ணெயைப் பதிவு பெற்றவரிடம் மட்டுமே கொடுத்து, அதற்கான ரசீதைப் பெற்று, காணிக்கைக் கணக்கோடு சேர்த்து வைக்கவேண்டும் என்ற தீர்மானத்தை வரும் சேகரக் கமிட்டிக் கூட்டத்தின் பொருள்வரிசையில் சேர்த்திருக்கிறேன். வீட்டில் கேன் வைத்திருப்பவர்கள் அன்று அதே வண்டியில் அனுப்ப விரும்பினால், கணக்கரிடம் முன்கூட்டியே பெயர் கொடுங்கள். மூடி இறுகியிருக்கட்டும்.